கிராஃப் சாஃப்ட்வேரா, லீட் டேட்டாபேஸா? கரூர்த் தம்பிக்கு ஒரு பதில்

கேட்டவர் கரூர்க்காரர். கிச்சன் டவல், ஏப்ரன், டேபிள் லினன் ஏற்றுமதி. சரக்கில் பெரும்பங்கு இரண்டே இரண்டு அமெரிக்க பையர்களுக்குப் போகிறது. 2025 ஆகஸ்ட் 27 முதல் அங்கே இந்தியச் சரக்குக்குக் கூடுதல் வரி 50 சதவீதம் ஆனபோது பட்ட அடிக்குப் பிறகு, ஐரோப்பாவில் புது பையர் பிடித்தே தீர்வது என்று இறங்கியிருக்கிறார். ஒரே வாரத்தில் இரண்டு சேல்ஸ்காரர்கள் ஆபீசுக்கு வந்திருக்கிறார்கள். ஒருத்தர் காட்டியது கிராஃப் விஷுவலைசேஷன் சாஃப்ட்வேர்: கருப்புத் திரையில் கலர் கலராகப் புள்ளிகள், நடுவே சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். இன்னொருத்தர் காட்டியது சேல்ஸ் லீட் டேட்டாபேஸ்: ஜெர்மனி, ஹோம் டெக்ஸ்டைல், பர்ச்சேஸ் மேனேஜர் என்று அடித்தால் பெயர், இமெயில், போன் நம்பர் எல்லாம் கொட்டுகிறது. "ரெண்டுக்கும் வருசச் சந்தா கிட்டத்தட்ட ஒண்ணுதானுங்ணா. ஒண்ணுதான் வாங்க முடியும். எதை வாங்கட்டுங்க?"

தம்பி, அவசரப்பட்டுச் செக் போட்டுவிடாதீர்கள். முதல் ஆள் விற்பது மோட்டார்; உங்கள் கிணற்றில், அதாவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கிற தொடர்புகளில், கிடப்பதைத்தான் இறைக்கும். இரண்டாவது ஆள் விற்பது டேங்கர் தண்ணி. இரண்டையும் எதிரெதிரே நிறுத்தி எது நல்லது என்று கேட்டால் என்ன சொல்வது? உங்கள் கிணற்றில் என்ன கிடக்கிறது என்று எட்டிப் பார்த்த பிறகுதான் பேச முடியும். இந்தப் பதில் நீளமாகப் போவது அந்தக் கிணற்றுக்காகத்தான்.

நான் திருப்பூரில் பதினாறு வருசம் மெர்ச்சன்டைசராக, அதாவது பையருக்கும் கம்பெனிக்கும் நடுவே ஆர்டரைக் கவனிக்கிற ஆளாக, குப்பை கொட்டியவன். இப்போது சின்னக் கம்பெனிகளின் கணக்கு வழக்கை வைத்துக்கொண்டு இந்த மாதிரி ஆராய்ந்து கொடுப்பதுதான் சோலி. அதனால் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

முதலில் அந்தக் 'கிராஃப்' என்ற சொல்லே நம்மைக் குழப்புகிறது. நமக்குக் கிராஃப் என்றால் பள்ளிக்கூடத்துக் கட்டம் போட்ட தாள். மாத விற்பனை ஏறியதா இறங்கியதா என்று எக்செல் போட்டுக் காட்டுகிற கோடு. உங்களிடம் காட்டியது வேறு. கணிதத்தில் கோட்டுருவியல் என்று ஒரு துறை இருக்கிறது. கோனிக்ஸ்பெர்க் ஊரில் இருந்த 7 பாலங்களையும், எந்தப் பாலத்தையும் இரண்டாம் தடவை மிதிக்காமல், ஒரே நடையில் கடக்க முடியுமா என்று ஒரு புதிர். முடியாது என்று 1736-ல் ஆய்லர் நிறுவியதிலிருந்து அந்தத் துறை தொடங்குகிறது. கரைகளையும் தீவுகளையும் புள்ளிகளாக்கினார், பாலங்களைக் கோடுகளாக்கினார். பாலம் எத்தனை அடி நீளம், தீவு எத்தனை ஏக்கர் என்பதெல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. எது எதோடு சேர்ந்திருக்கிறது என்பது மட்டும் போதுமாக இருந்தது.

இதற்குக் கணிதம் படிக்கவேண்டிய அவசியம் இல்லை. உங்கள் வீட்டு பீரோவில் மொய் நோட்டு இருக்குமே, அதுதான் இது. கல்யாணம், காதுகுத்து, சீர், புதுவீடு என்று ஒவ்வொரு விசேசத்துக்கும் யார், எந்த ஊர், எவ்வளவு என்று எழுதி வைத்திருப்பீர்கள். கொடுத்தவர், வாங்கியவர், தொகை. இந்த மூன்று பத்தியைத்தான் ஜெஃபி என்கிற இலவச கிராஃப் சாஃப்ட்வேரும் கேட்கிறது: சோர்ஸ், டார்கெட், வெயிட். நாலைந்து வீட்டு மொய் நோட்டை ஒன்றாகச் சேர்த்து அதில் போட்டால், எந்தெந்தக் குடும்பங்கள் ஒரே கொத்து, எந்த மாமா மட்டும் இரண்டு கொத்துக்கும் பொதுவாக வந்து போகிறார், யார் வீட்டு விசேசத்துக்கு யார் போவதை நிறுத்திவிட்டார்கள் என்று எல்லாம் படமாக வந்துவிடும். (ஒரு தடவை விளையாட்டாக எங்கள் வீட்டு நோட்டையே போட்டுப் பார்த்தேன். ஒரு பெரியப்பா வீட்டுக்கோடு 2009-க்குப் பிறகு அறவே இல்லை. அம்மாவிடம் காட்டினேன். "இதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமாக்கும்" என்றார்.)

லீட் டேட்டாபேஸ் என்பது வாக்காளர் பட்டியல். ஊரில் இருக்கிற எல்லோர் பெயரும் இருக்கும், கதவு எண் இருக்கும், வயது இருக்கும். உங்கள் வீட்டு விசேசத்துக்கு இதில் யார் வருவார் என்று அதற்குத் தெரியாது.

கிராஃப் சாஃப்ட்வேரை எடுத்துக்கொள்வோம். டெமோவில் புள்ளிகள் துள்ளி விலகி, அப்புறம் கொத்துக் கொத்தாக உட்கார்ந்ததைப் பார்த்து அசந்துபோனதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆட்டத்துக்குப் பின்னால் இருப்பது எளிய பௌதிகம். ஒவ்வொரு புள்ளியும் மற்ற புள்ளியைத் தள்ளும். கோடு இருக்கிற இடத்தில் ஸ்பிரிங் மாதிரி இழுக்கும். தள்ளலும் இழுப்பும் சமனாகிற இடத்தில் படம் நிற்கும். 1991-ல் ஃபுருக்டர்மன், ரைன்கோல்ட் என்ற இருவர் எழுதிய முறை இந்த வகையில் பேர்போனது. ஜெஃபியில் இருக்கிற ஃபோர்ஸ் அட்லஸ் 2-ம் இதே குடும்பம்தான். இதில் கவனிக்கவேண்டியது: ஒரே ஃபைலை இரண்டு தடவை ஓட்டினால் படம் இரண்டு விதமாகத் திரும்பி நிற்கலாம். மேலே இருக்கிற புள்ளி பெரிய பையர், கீழே இருப்பவர் சின்னவர் என்று அர்த்தம் இல்லை. சேல்ஸ்காரர் திரையைத் தொட்டு "இங்க பாருங்க சார், இவங்கதான் உங்க மார்க்கெட்டோட மையம்" என்று சொல்லியிருந்தால், அவர் படத்தைப் பார்த்துக் கதை சொல்லியிருக்கிறார்.

படத்தைவிடப் படத்துக்கு அடியில் ஓடுகிற கணக்குதான் காசு பெறும். மூன்று கணக்கு தெரிந்தால் போதும். ஒரு புள்ளியில் எத்தனை கோடு வந்து சேர்கிறது என்பது ஒன்று, குழந்தைகூட எண்ணிவிடும். எந்தப் புள்ளிகள் தங்களுக்குள் நெருக்கமாகக் கூடிக் கிடக்கின்றன என்று கொத்துப் பிரிப்பது இன்னொன்று. பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்துப் பெயரால் 2008-ல் வந்த லூவேன் முறை அதற்குத்தான். மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்குப் போகும் குறுக்குவழிகளில் எத்தனை, நடுவில் இருக்கிற இந்த ஆளைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்ற கணக்கு. லின்டன் ஃப்ரீமன் என்கிற சமூகவியலாளர் 1977-ல் இதற்கு அளவுகோல் போட்டுக் கொடுத்தார். இவரிடம் கோடு நிறைய இருக்கவேண்டும் என்பதில்லை. வெள்ளகோயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயமுத்தூரோ திருச்சியோ அளவுக்குப் பெரிய ஊர் இல்லை, ஆனால் இரண்டுக்கும் நடுவில் பஸ் அந்த வழியாகத்தான் போகவேண்டும்.

இந்த மூன்றாவது கணக்கு நமக்கு ஏன் முக்கியம் என்பதற்குக் கொங்கு நாட்டில் வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2011 ஜனவரியில் நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. நிட்டிங் மெஷின் இருந்தது, தைக்க ஆள் இருந்தது, பையர் ஆர்டரும் கையில் இருந்தது. எல்லாக் கோடும் டையிங் என்ற ஒரே கட்டத்தின் வழியாகப் போனதால் ஊரே நின்றது. துணியை வண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியூர் டையிங்கைத் தேடி ராத்திரி ராத்திரியாக அலைந்தோம். எந்த ஓனரிடமும் அப்போது அப்படி ஒரு படம் இல்லை. இருந்திருந்தால் முன்கூட்டியே பயந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்று வருசம் முன்னால் ஒரு பனியன் கம்பெனிக்காக இதையே சின்ன அளவில் செய்தேன். டேலியிலிருந்து ஜாப் ஒர்க் பில்களை எக்செல்லில் இறக்கினோம். நூல் எங்கிருந்து எந்த நிட்டிங்குக்கு, அங்கிருந்து எந்த டையிங்குக்கு, காம்பேக்டிங் (துணி பிற்பாடு சுருங்காமல் அழுத்தி எடுப்பது) எங்கே, பிரிண்டிங் எங்கே, செக்கிங் எங்கே என்று ஒவ்வொரு லாட்டும் நடந்த நடை. நாற்பத்திச் சொச்சம் யூனிட். ஓனர் சொன்னது: "எனக்கு நாலு நிட்டிங், அஞ்சு பிரிண்டிங் இருக்குதுங்க, யாரு கைய விரிச்சாலும் நிக்காது." படம் காட்டியது: எல்லாம் சுற்றிச் சுற்றி ஒரே காம்பேக்டிங் யூனிட்டில் போய் விழுந்தது. அந்த யூனிட்டுக்குக் கொடுத்த கூலி மொத்தச் செலவில் துளி. அதனால்தான் கணக்குப் புத்தகத்தில் கண்ணில் படவில்லை. கோட்டில் பார்த்தபோது பட்டது. அடுத்த வாரமே இரண்டாவது காம்பேக்டிங் ஒன்றுக்கு மாதிரி லாட் அனுப்பினார்.

இதற்கு ஆன சாஃப்ட்வேர் செலவு பூஜ்யம். ஜெஃபி இலவசம், 2008 வாக்கில் பிரான்சில் தொடங்கிய திறந்தமூலத் திட்டம். படிக்கட்டு மாதிரி மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தி வரைய ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் பிறந்த கிராஃப்விஸ் இருக்கிறது, அதுவும் இலவசம். மவுசைப் பிடித்துக் கையால் வரைந்து பழகியவர்களுக்கு ஜெர்மானியக் கம்பெனி ஒன்று தரும் ஒய்எட். சைட்டோஸ்கேப் உயிரியல்காரர்கள் ஜீன், புரதம் வரையச் செய்தது. நம் வேலைக்கும் ஓடும். காசு வாங்குகிற பெரிய சாமான்களும் உண்டு, அவற்றைக் குறைத்துச் சொல்லமாட்டேன். 2016-ல் பனாமா பேப்பர்ஸ் என்று வெளிநாட்டு ரகசியக் கம்பெனிகள் பற்றிய ஆவணங்கள் கசிந்து வந்தபோது பத்திரிகையாளர்கள் கையில் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள் இருந்தன. அதிலிருந்து எந்தக் கம்பெனிக்குப் பின்னால் எந்த ஆள் என்று பிடிக்க நியோ ஃபோர் ஜே என்ற, புள்ளியும் கோடுமாகவே தகவலைச் சேமிக்கிற கிராஃப் டேட்டாபேஸையும், அதன்மேல் லிங்கூரியஸ் என்ற பிரெஞ்சு சாஃப்ட்வேரையும் பயன்படுத்தினார்கள். நம் ஜி.எஸ்.டி. நெட்வொர்க்கும் போலி பில் வட்டங்களைப் பிடிக்கத் தரவு ஆய்வுக் கருவி வைத்திருக்கிறது. சரக்கே நகராமல் ஏ-யிலிருந்து பி, பி-யிலிருந்து சி, சி-யிலிருந்து மறுபடி ஏ என்று பில் மட்டும் சுற்றினால் படத்தில் வளையமாகத் தெரியும். அந்த அளவு வேலைக்கு அந்த அளவு சாமான். உங்களிடம் இருப்பது முந்நூறு புள்ளி இருந்தால் அதிகம். அதற்கு வருசச் சந்தா கட்டுவது, தென்னந்தோப்பு ஒன்றுக்கு மேட்டூர் மதகு வாங்குகிற மாதிரி.

இன்னொன்று, புள்ளி அதிகமானால் தெளிவு அதிகமாகும் என்று நினைக்கவேண்டாம். ஆயிரம், இரண்டாயிரம் தாண்டினால் சிக்கெடுக்காத தலைமுடி மாதிரி ஒரு உருண்டை வரும். டெமோவில் வருகிற படம் ஏற்கெனவே சீவி முடித்து வைத்தது.

சரி, டேங்கர் தண்ணிக்கு வருவோம். இதன் மூதாதை ஒரு ஜவுளிக்காரர் என்றால் நம்புவீர்களா? நியூயார்க்கில் பட்டு வியாபாரம் செய்த லூயிஸ் டாப்பன், 1837-ல் வந்த பொருளாதார வீழ்ச்சியில் அடிபட்டு, யாருக்குக் கடனுக்குச் சரக்குக் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்று ஊர் ஊராகத் தகவல் திரட்டி விற்க 1841-ல் ஒரு ஏஜென்சி தொடங்கினார். அதுதான் பிற்பாடு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட். பெரிய பையர்கள் உங்களிடம் டன்ஸ் நம்பர் என்று 9 இலக்கக் கம்பெனி அடையாள எண் கேட்பார்களே, அவர்களேதான். ஆக முதலில் வந்தது பணம் வருமா என்ற கேள்வி. பெயரும் போன் நம்பரும் மட்டும் விற்கிற கூட்டம் வெகு பின்னால் வந்தது. இன்றைக்கு அதில் ஜூம்இன்ஃபோ பெரிய கை. 2020-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக்கு வந்தது. அப்போலோ, இஸ்ரேலில் பிறந்த லூஷா, லிங்க்டுஇன்னின் சேல்ஸ் நேவிகேட்டர் என்று வரிசை நீளும்.

அவர்களுக்கு இந்தப் பெயர்கள் எப்படிக் கிடைக்கின்றன? கம்பெனி வெப்சைட்டுகளைப் புரோகிராம் போட்டு மேய்வது ஒரு வழி. வேறு கம்பெனிகளிடம் மொத்தமாக வாங்குவது ஒரு வழி. இலவசக் கணக்குத் தருகிறேன், பதிலுக்கு உன் இமெயில் பெட்டியில் இருக்கிற தொடர்புகளைக் கொடு என்று பயனர்களிடமே வாங்குவது இன்னொரு வழி. இப்படிச் சேர்ந்த தண்ணிக்கு இரண்டு குணம். தேங்கினால் கெடும்: ஆள் வேலை மாறிவிடுவார், டேட்டாபேஸில் அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஊருக்கே பொது: உங்களுக்கு விற்ற அதே ஜெர்மன் மேனேஜரை பாகிஸ்தான்காரருக்கும் துருக்கிக்காரருக்கும் விற்றிருக்கிறார்கள். அவர் இன்பாக்ஸில் நீங்கள் நூற்றியோராவது ஆள்.

நம் தொழிலுக்கு என்று ஒரு தனிக் குறையும் உண்டு. இந்த டேட்டாபேஸ்கள் பெரும்பாலும் சாஃப்ட்வேர் விற்கிறவர்களுக்காக வளர்ந்தவை. ஐ.டி. மேனேஜர் யார், மார்க்கெட்டிங் தலைவர் யார் என்று கேட்டால் சுறுசுறுப்பாகச் சொல்லும். பதினைந்து பேர் வேலை செய்கிற ஒரு டச்சு இறக்குமதிக் கம்பெனியில் கிச்சன் டவல் யார் முடிவு செய்கிறார் என்று கேட்டால் முழிக்கும். உங்கள் அளவு கம்பெனிக்கு வாய்க்கிற பையர்கள் அந்தப் பதினைந்து பேர்க் கம்பெனிகள்தான். உள்ளூரில் இந்தியாமார்ட்டை இந்தக் கணக்கில் சேர்க்கமாட்டேன். 1996-ல் தொடங்கிய அது சந்தை. வருகிற விசாரணை உங்களோடு இன்னும் சில பேருக்கும் போகும், விலையில் அடித்துக்கொள்ள வேண்டும். கோயமுத்தூர் பம்ப்செட்காரர்களுக்கு ஒத்துவரலாம்.

என் சொந்தக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மெர்ச்சன்டைசராக இருந்த காலத்தில் ஓனரை நச்சரித்து ஒரு ஐரோப்பிய பையர் பட்டியல் வாங்க வைத்தேன். விற்ற ஆள் பேர் வேண்டாம். ஐயாயிரம் முகவரி. ஒரே ராத்திரியில் எல்லோருக்கும் கேட்டலாக் அனுப்பினோம். விடிந்து பார்த்தால் திரும்பி வந்த மெயில் மலை மாதிரி. அதோடு போனாலும் பரவாயில்லை. இத்தனை மெயில் திரும்பியதால் எங்கள் டொமைனே (இமெயில் முகவரியில் @-க்குப் பின்னால் வருகிற பெயர்) கெட்ட பேர் வாங்கிவிட்டது. பத்து வருசப் பழைய பையருக்கு அனுப்பிய ஷிப்மென்ட் ஆவணங்கள் ஸ்பாமில் போய் விழுந்தன. "டாகுமென்ட் வரலையே" என்று அவர் போன் போட்டபோதுதான் விசயமே தெரிந்தது. சரிசெய்ய ரொம்ப நாள் ஆனது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் இன்னும் கெடுபிடி: ஒரு நாளைக்கு 5,000 ஜிமெயில் முகவரிகளுக்கு மேல் அனுப்புகிறவர் மெயில் உண்மையிலேயே அவரிடமிருந்துதான் வருகிறது என்று காட்டுகிற எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் என்ற மூன்று சரிபார்ப்பும் வைத்திருக்கவேண்டும். ஸ்பாம் என்று அழுத்துகிறவர்கள் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது. சின்ன அளவில் அனுப்புகிறவர்களுக்கும் அடிப்படைச் சரிபார்ப்பு வேண்டும். உங்கள் டொமைன் எந்த நிலையில் இருக்கிறது என்று வெப்சைட் போட்டுக்கொடுத்த பையனிடம் இன்றைக்கே கேளுங்கள்.

ஜெர்மனியைக் குறி வைத்திருப்பதால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாட்டுப் போட்டிச் சட்டப்படி, முன்கூட்டிச் சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்புவது தொல்லை. கம்பெனிக்குக் கம்பெனி அனுப்பினாலும் அப்படித்தான். டேட்டாபேஸ்காரர் ஜெர்மன் மெயில் முகவரியை விற்பார். அதற்கு மெயில் போட்டதற்கான பதில் சொல்லவேண்டியது நீங்கள். தபாலில் கடிதம் போடுவதற்கு அந்தத் தடை இல்லை. கையகலத் துணித் துண்டு ஒன்றைச் சேர்த்து, ஒரு பக்கக் கடிதத்தோடு கூரியர் போடுங்கள். ஜவுளிக்காரன் துணியைத் தொடாமல் இருக்கமாட்டான், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும்.

இந்த இரண்டு சேல்ஸ்காரர்களும் சொல்லாமல் விட்ட மூன்றாவது சாமான் ஒன்று இருக்கிறது. உங்களுக்கு அதுதான் அதிகம் உதவும் என்று நினைக்கிறேன்: ஷிப்மென்ட் தரவு. அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும் கப்பல் சரக்கின் பட்டியல் அங்கே சட்டப்படி பொதுத் தகவல். யார் அனுப்பினார், யார் பெற்றார், என்ன சரக்கு, எத்தனை பெட்டி. இம்போர்ட் ஜீனியஸ், பஞ்ஜீவா மாதிரிக் கம்பெனிகள் இதைத்தான் அடுக்கித் தேடக் கொடுக்கின்றன. கவனித்தீர்களா, இதில் ஒவ்வொரு வரியும் ஒரு கோடு. அனுப்பியவர், பெற்றவர், அளவு. மொய் நோட்டேதான், வேறு வீட்டு மொய் நோட்டு. உங்கள் 6302 வரிசை (வீட்டு லினன் துணிகளுக்கான சுங்கக் குறியீடு) சரக்கைக் கரூரிலிருந்து யார் யாருக்கு அனுப்புகிறார், அந்தப் பையர் வேறு யாரிடமும் வாங்குகிறாரா, போன வருசம் வாங்கிக்கொண்டிருந்தவர் இப்போது ஆளை மாற்றிவிட்டாரா எல்லாம் தெரியும். ஒரே சப்ளையரிடம் மட்டும் வாங்குகிற பையரை அசைப்பது கஷ்டம். மூன்று பேரிடம் மாற்றி மாற்றி வாங்குகிறவர் நாலாவது ஆளையும் கேட்பார். இதெல்லாம் வாக்காளர் பட்டியலில் வராது.

ஓட்டைகளும் உண்டு. விமானத்தில் போன சரக்கு இதில் இல்லை. பெறுபவர் இடத்தில் ஃபார்வர்டர் (சரக்கை அனுப்பி வைக்கிற ஏஜென்ட்) பெயரோ, ஆள் பெயரே இல்லாமல் வெறும் 'டு ஆர்டர்' என்றோ இருக்கும். தன் பெயரை மறைக்கச் சொல்லி இறக்குமதியாளர் மனுப் போடலாம். 2 வருசத்துக்குச் செல்லும், புதுப்பித்துக்கொள்ளலாம். பெரிய கடைக்காரர்கள் பலர் அப்படிச் செய்கிறார்கள். அமெரிக்காவைத்தானே குறைக்கப் பார்க்கிறேன், அந்தத் தரவு எனக்கெதற்கு என்று கேட்பீர்கள். ஐரோப்பிய யூனியன் கம்பெனி பெயரோடு இப்படி வெளியிடுவதில்லை, எந்த நாடு எந்தச் சரக்கை எவ்வளவு வாங்கியது என்ற மொத்தக் கணக்கு மட்டும் யூரோஸ்டாட்டில் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பிரிட்டனுக்கு வேறு கதை. அந்த நாட்டு வரித்துறை, எந்த மாதத்தில் எந்தச் சரக்குக் குறியீட்டில் யார் யார் இறக்குமதி செய்தார்கள் என்று கம்பெனி பெயர், முகவரியோடு தன் வணிகப் புள்ளிவிவரத் தளத்தில் இலவசமாகவே போடுகிறது. மதிப்பும் அளவும் இருக்காது, எந்த நாட்டிலிருந்து என்பதும் இருக்காது. இருந்தாலும் 6302-ல் எட்டு இலக்கம்வரை இறங்கித் தேடினால் டேபிள் லினன் தனி, கிச்சன் லினன் (டாய்லெட் லினனோடு சேர்த்து) தனி என்று இறக்குமதியாளர்கள் பட்டியல் கையில் வந்துவிடும். இந்தியாவும் பிரிட்டனும் 2025 ஜூலை 24-ல் வர்த்தக ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஜெர்மனிக்கு முன்னால் அங்கேதான் தட்டுவேன்.

இந்திய சுங்கத் தரவு இருக்கிறது, உங்கள் போட்டியாளர் ஷிப்பிங் பில்லையே காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். 2022-ல் சுங்கச் சட்டத்தில் 135ஏஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். ஏற்றுமதி இறக்குமதியாளர் விவரம், சரக்கின் மதிப்பு, அளவு இவற்றைச் சட்டம் கேட்காமல் வெளியிட்டால் 6 மாதம்வரை சிறை, அல்லது 50,000 ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும்.

இலவசம் என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. எச் அண்ட் எம் 2013-லேயே தன் சப்ளையர் தொழிற்சாலைகள் பட்டியலை வெளியிட்டது. பிறகு பல பிராண்டுகள் அதே வழியில் வந்தன. இந்தப் பட்டியல்களை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து 2019-ல் ஓப்பன் அப்பேரல் ரெஜிஸ்ட்ரி என்று ஆரம்பித்தார்கள், இப்போது ஓப்பன் சப்ளை ஹப். அதில் கரூர், திருப்பூர், ஈரோடு என்று தேடினால் எந்தத் தொழிற்சாலையை எந்த பிராண்ட் தன் சப்ளையர் என்று சொல்லியிருக்கிறது என்று வரும். ஒரு பக்கம் தொழிற்சாலை, மறுபக்கம் பிராண்ட். இறக்கி ஜெஃபியில் போட்டுப் பாருங்கள். உங்கள் பக்கத்துக் காம்பவுண்டுக்காரர் யாருக்குத் தைக்கிறார் என்பது அவர் சொல்லாமலே தெரியும்.

இதெல்லாம் வெளித் தண்ணி. உங்கள் கிணற்றை எட்டிப் பார்க்கச் சொன்னேன் அல்லவா? ஒரு நீள நோட்டு எடுங்கள், எக்செல் என்றாலும் சரி. இதுவரை வந்த ஒவ்வொரு பையருக்கும் நேரே, இவர் யார் மூலம் வந்தார் என்று எழுதுங்கள். பையிங் ஹவுசா (வெளிநாட்டு பையருக்காக இங்கே சரக்குப் பிடித்துக் கொடுக்கிற ஆபீஸ்), சொந்தக்காரர் சொல்லியா, கண்காட்சியா, பழைய மெர்ச்சன்டைசரா. அப்புறம் அந்த மூலத்துக்கு மூலம் யார் என்று இன்னொரு வரி. பேச்சு நின்றுபோன ஏஜென்ட், சேம்பிள் வாங்கிக்கொண்டு பதில் போடாதவர், ஃபிராங்க்ஃபர்ட் ஹெய்ம்டெக்ஸ்டில் ஜவுளிக் கண்காட்சியில் கார்டு மட்டும் கொடுத்துவிட்டுப் போனவர், எல்லோரையும் சேருங்கள். கடைசியாக எப்போது பேசினீர்கள் என்று வருசம் போடுங்கள். உங்களிடம் வேலை பார்த்துவிட்டுப் போன மெர்ச்சன்டைசர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தனியாக எழுதுங்கள். இதை விட்டுவிடாதீர்கள். மெர்ச்சன்டைசர் வேலை மாறும்போது கோட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறார். நான் எத்தனை கோடு எடுத்துக்கொண்டு போனேன் என்று என் பழைய ஓனரைக் கேட்டால் திட்டிக்கொண்டே சொல்லுவார்.

1973-ல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் எழுதியது இங்கே பொருந்தும். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த ஆட்களைக் கேட்டுப் பார்த்தார். தகவல் சொன்னவர்களில் பெரும்பாலோர் நெருங்கிய சிநேகிதர்கள் இல்லை. எப்போதாவது பார்க்கிற, அரைகுறைப் பழக்கக்காரர்கள். நெருக்கமானவர்களுக்குத் தெரிந்தது நமக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்; புதுச் செய்தி தூரத்து ஆளிடமிருந்துதான் வரும். நம்மூரில் பொண்ணு பார்க்கும்போதும் அப்படித்தானே? அண்ணன் தம்பிக்குத் தெரியாத இடத்தைத் தானாவதி கொண்டுவருவார். உங்கள் நோட்டில் பேச்சு நின்று மூன்று வருசம் ஆன பெயர்கள்தான் அந்தத் தூரத்து ஆட்கள். எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் இப்படி எழுதியபோது, தனித்தனி என்று நினைத்திருந்த இரண்டு பையர்களும் எட்டு வருசம் முன்னால் விலகிப்போன ஒரே அம்மணி மூலமாக வந்தவர்கள் என்று தெரிந்தது. அவர் இப்போது சென்னையில் பையிங் ஹவுஸ் நடத்துகிறார். ஒரு போன். பதினைந்து நாளில் மூன்றாவது பையரின் சேம்பிள் ஆர்டர் வந்தது. ஆர்டர் பிற்பாடு விலையில் கட்டுப்படியாகாமல் போனது வேறு விசயம்.

ஐம்பது அறுபது பெயர்வரை ஜெஃபியும் வேண்டாம், சார்ட் பேப்பரும் ஸ்கெட்ச் பேனாவும் போதும். அதைத் தாண்டினால் ஜெஃபியில் போடுங்கள். கல்லூரி படிக்கிற பிள்ளை யாராவது ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொள்வார்கள். படம் வந்ததும் மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கள்: எல்லாக் கோடும் எவர் வழியாகப் போகிறது, கோடு அறுந்து தனியே கிடப்பது யார், எந்த நாட்டுப் பக்கம் ஒரு புள்ளிகூட இல்லை. கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலுக்காக மட்டும் டேட்டாபேஸ் வாங்கலாம். தெரிந்த கோடு எதுவுமே போகாத ஒரு நாடு, அதில் நாற்பது ஐம்பது கம்பெனி, ஒரே ஒரு மாதச் சந்தா. எடுக்கவேண்டியதை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த முப்பது வெளிநாட்டு ஆட்களின் கம்பெனி பெயரையும் பதவியையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆள் பெயரை எழுதவேண்டாம். இப்போதைய ஆள் யார், வேலை மாறினவர் யார், ரிட்டயர்டு ஆனவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். இந்த முப்பதுக்கும் பெயர், மெயில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், உங்கள் எதிரிலேயே. இருபதுக்குக் கீழே சரியாக வந்தால் பேரம் பேசவே உட்காராதீர்கள். வருசச் சந்தாதான், மாதச் சந்தா கிடையாது என்றாலும் அதே பதில்.

அந்த மோட்டார்காரர் மறுபடி வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். டேங்கர்காரர் கையில் முப்பது வரித் தாளைக் கொடுங்கள்.